டிராக்டர், கரண்ட் எல்லாம் வருவதற்கு முன்னால் கதிரடிக்கும் இயந்திரம் எப்படி வேலை செய்தது? தானியத்தையும் வைக்கோலையும் எப்படிப் பிரித்தது?

அறுவடை இயந்திரங்களைக் கழற்றி மாட்டும் பட்டறை வேலை எனக்கு, தஞ்சாவூர்ப் பக்கம். இன்று வயலில் ஓடும் கம்பைன் ஒன்றின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால், கதிரடிக்கும் பகுதியில் தெரிவதில் பெரும்பாலானவை 1860 வாக்கிலேயே உருவாகிவிட்டவை. எஞ்சின், ஹைட்ராலிக், ஏசி கேபின் எல்லாம் பிறகு ஒட்டிக்கொண்டவை. அதனால் இந்தக் கேள்வி எனக்குப் பிடித்த கேள்வி. பதில் கொஞ்சம் நீளும்.

கதிரிலிருந்து மணியை உதிர்ப்பது பெரிய வித்தை இல்லை. மாடு மிதித்தால் உதிரும், கல்லில் அடித்தால் உதிரும். உதிர்ந்த பிறகு வைக்கோல், சண்டு, பதர், மண், மணி எல்லாம் ஒன்றாகக் கிடக்குமே, அதைப் பிரிப்பதில்தான் உயிர் போகும். களத்தில் நின்று வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும். வைக்கோலை உதறி எடுக்க ஆள் வேண்டும், பொலி தூற்றக் காற்று வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். இயந்திரமும் இதே வரிசையில்தான் வளர்ந்தது. அடிக்கும் பகுதி 1780களில் தேறிவிட்டது. பிரிக்கும் பகுதி ஒழுங்காக அமைய இன்னும் எழுபது வருடம் பிடித்தது.

கதை நடந்தது ஸ்காட்லாந்தில். அங்கே கோதுமை, பார்லி, ஓட்ஸ் எல்லாவற்றையும் கையால்தான் அடித்தார்கள். நீளக் கம்பு ஒன்றின் நுனியில் குட்டைக் கம்பு ஒன்றைத் தோல்வாரால் கட்டி, சுழற்றி ஓங்கி அடிப்பார்கள். குளிர்காலம் முழுக்கக் கூலியாட்களுக்கு இதே வேலை. 1732இல் மைக்கேல் மென்சீஸ் என்ற வக்கீல், இதே கம்புகளை வரிசையாகக் கோத்து நீர்ச்சக்கரத்தால் தூக்கி அடிக்க வைத்தார். அடிக்கத்தான் செய்தது, ஆனால் கம்புகள் முறிந்துகொண்டே இருந்தன. முறியாமல் என்ன செய்யும்? மனிதன் அடிக்கும்போது கம்பு தரையைத் தொடும் கணத்தில் கை தானாகத் தளர்ந்து கொடுக்கும். நீர்ச்சக்கரத்துக்கு அந்தத் தளர்ச்சி கிடையாது. ஒவ்வொரு அடியின் அதிர்ச்சியும் நேராக மூட்டுக்குப் போகும். மனிதக் கையை அப்படியே இரும்பிலும் மரத்திலும் நகலெடுக்கப் பார்த்த முயற்சி அது.

1758இல் மைக்கேல் ஸ்டர்லிங் நகலெடுப்பதை விட்டுவிட்டுச் சுழற்சிக்கு வந்தார். நிமிர்ந்து நிற்கும் தண்டில் குறுக்குக் கைகள், சுற்றி ஒரு உருளைக் கூடு, மேலிருந்து கதிர்க்கட்டை இறக்குவது. ஓட்ஸுக்குச் சரியாக இருந்தது. கோதுமை, பார்லி என்றால் மணியை உதிர்க்காமல் கதிரையே ஒடித்துப் போட்டது. அப்புறம் வேறு சிலர் தேய்த்து எடுக்கப் பார்த்தார்கள். பெரிய உருளை ஒன்றைச் சுற்றி அழுத்தும் ரோலர்களை வைத்து, நடுவில் கதிரைக் கொடுத்துத் தேய்ப்பது. மணி நசுங்கிப் போயிற்று. சர் பிரான்சிஸ் கின்லாக் என்ற நிலக்கிழார் அந்த வகையில் ஒரு மாதிரி இயந்திரம் செய்து, ஆண்ட்ரூ மைக்கிள் என்பவரின் ஆலைக்குச் சோதனைக்கு அனுப்பினார். ஆலையின் நீர்ச்சக்கரத்தோடு இணைத்து வேகத்தைக் கூட்டியதும் சில நிமிடங்களில் அது துண்டு துண்டாகிவிட்டது.

இந்த மைக்கிள்தான் கடைசியில் ஜெயித்தவர். கிழக்கு லோதியனில் ஹூஸ்டன் மில் என்ற இடத்தில் ஆலைத் தச்சர். 1778இல் அவரும் தேய்க்கும் வகையில் ஒன்று செய்து தோற்றிருந்தார். 1786 வாக்கில், சணல் போன்ற ஆளி நாரைத் தட்டிச் சுத்தப்படுத்தும் இயந்திரத்தின் அமைப்பைக் கதிருக்குக் கொண்டுவந்தார். படுக்கையாகச் சுழலும் டிரம், அதன் மேல் நீளவாக்கில் இரும்பு விளிம்பு வைத்த அடிப்பான் பலகைகள். கதிரை வரி போட்ட இரண்டு ரோலர்கள் இறுகப் பிடித்து மெதுவாக உள்ளே தள்ளும். ரோலரின் பிடியில் தாள் இருக்கும்போதே நுனியில் கதிர் அடி வாங்கும். 1788இல் காப்புரிமை எடுத்தார். அதனால் பெரிய வருமானம் வந்த மாதிரி இல்லை, ஆளாளுக்கு நகல் செய்தார்கள். தொண்ணூறு வயதை நெருங்கிய காலத்தில் நன்கொடை திரட்டி அவருக்கு 1,500 பவுண்டு கொடுத்தார்கள். 1811இல் காலமானார்.

இந்த வகை இயந்திரங்களில் கவனிக்க வேண்டிய இடம், டிரம்முக்கு எதிரே வளைந்து நிற்கும் தடுப்பு. எங்கள் பட்டறையில் அதைக் கான்கேவ் என்றுதான் சொல்வோம். கம்பிகளும் இடைவெளிகளுமாக இருக்கும். உதிர்ந்த மணி அந்த இடைவெளி வழியாக அங்கேயே கீழே விழுந்துவிடும். ஆக, பிரிக்கும் வேலையில் பெரும்பங்கு அடிக்கும் இடத்திலேயே முடிந்துவிடுகிறது. டிரம்முக்கும் கான்கேவுக்கும் இடையிலான சந்து, கதிர் நுழையும் பக்கம் அகலமாகவும் வெளியேறும் பக்கம் குறுகலாகவும் இருக்க வேண்டும். சுலபமாக உதிரும் மணிகள் முன்னாலேயே விழுந்து தப்பித்துவிடும், பிடிவாதம் பிடிப்பவற்றுக்கு மட்டும் பின்னால் இறுக்கமான அடி. இந்த இடைவெளியை ஒரேயடியாக இறுக்கினால் எல்லா மணியும் உடையும். இன்றைக்கும் குருணை விழுகிறது என்று வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது இந்த இடைவெளியையும் டிரம் வேகத்தையும்தான்.

வேகம் என்றால் எவ்வளவு? பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வந்த டிரம் சுமார் இரண்டு அடி விட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள், நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று. விளிம்பு வினாடிக்கு 30 மீட்டருக்கு மேல் போகும், மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டிய வேகம். இதைக் குதிரைகளை வைத்துச் சாதித்தார்கள். அமெரிக்காவில் ஐந்து ஜோடிக் குதிரைகளை நீளமான கைகளில் பூட்டி வட்டமாக நடக்க விடுவார்கள். குதிரை நடக்கும் வேகத்தில் அந்தச் சக்கரம் நிமிடத்துக்கு இரண்டு மூன்று சுற்றுதான் சுற்றும். அதைப் பல்சக்கரங்களால் ஏற்றி, தரையோடு கிடக்கும் ஒரு தண்டு வழியாக இயந்திரத்துக்குக் கொண்டுபோய், டிரம்மில் ஆயிரம் சுற்றாக்க வேண்டும். முந்நூறு நானூறு மடங்கு ஏற்றம். குதிரைகள் ஒவ்வொரு சுற்றிலும் அந்தத் தண்டைத் தாண்டி நடந்தன. உடுப்பின் நுனி அதில் சுற்றிக்கொண்டு செத்தவர்களும் உண்டு.

சரி, பிரிக்கும் பகுதிக்கு வருவோம். கான்கேவ் வழியாக விழாத மணி, வைக்கோலுக்குள் சிக்கிக்கொண்டு பின்பக்கம் வெளியே போகிறது. அமெரிக்காவில் ஆரம்பத்தில் விற்ற சின்ன இயந்திரங்களில் முள்முள்ளாகப் பற்கள் வைத்த டிரம் மட்டும்தான் இருந்தது. தரையில் முளையடித்து நிறுத்துவார்கள். வைக்கோல், சண்டு, மணி எல்லாவற்றையும் ஒரே குவியலாகத் துப்பும். நாலு பேர் கவைக்கோலோடு நின்று வைக்கோலை உதறி எடுத்து, அப்புறம் மிச்சத்தைத் தனியாகத் தூற்ற வேண்டும். ஜெரோம் கேஸ் 1842இல் நியூயார்க்கிலிருந்து விஸ்கான்சினுக்கு விற்க எடுத்துக்கொண்டு போனவை இந்த ரகம்தான். பின்னால் பெரிய டிராக்டர் கம்பெனியான கேஸ் அங்கே தொடங்கியது.

தூற்றும் இயந்திரம் தனியாக ஏற்கெனவே இருந்தது. பெட்டிக்குள் கையால் சுற்றும் விசிறி, மேலிருந்து தானியம் விழும், சண்டு, பதரையெல்லாம் காற்று அடித்துக்கொண்டு போகும். சீனாவில் ஹான் காலத்திலேயே இருந்த பொருள். ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்தது பதினெட்டாம் நூற்றாண்டில். மைக்கிளின் அப்பா ஜேம்ஸ் 1710இல் ஹாலந்துக்கு அனுப்பப்பட்டு, பார்லி ஆலையோடு இதையும் கற்றுக்கொண்டு வந்தார். கடவுள் தரும் காற்று இருக்க மனிதன் காற்று உண்டாக்குவது பாவம் என்று ஸ்காட்லாந்தில் சில மதக் குழுவினர் எதிர்த்த வேடிக்கையும் நடந்தது. கோதுமை மணி காற்றில் மிதக்க வினாடிக்கு எட்டொன்பது மீட்டர் வேகக் காற்று வேண்டும், சண்டுக்கு இரண்டு மூன்று மீட்டர் போதும். இரண்டுக்கும் நடுவில் ஒரு காற்றை வைத்தால் வேலை முடிந்தது. விசிறியின் பக்கவாட்டில் திறந்து மூடும் கதவு வைத்தது அதற்குத்தான்.

அமெரிக்காவில் அடிப்பது, தூற்றுவது இரண்டையும் ஒரே வண்டியில் சேர்த்தவர்கள் மெய்ன் மாநிலத்து ஹைரம் பிட்ஸ், ஜான் பிட்ஸ் சகோதரர்கள். 1837 டிசம்பர் 29ஆம் தேதி காப்புரிமை. டிரம்முக்குப் பின்னால் குறுக்குச் சட்டங்கள் தைத்த முடிவில்லாத பட்டை ஒன்று ஓடும். வைக்கோலும் மணியும் அதில் ஏறிப் போகும்போது வைக்கோல் மேலாகப் பிரிந்து போகும், மணி கீழே தங்கி விசிறிக்குப் போய்ச் சேரும். நல்ல யோசனை, ஆனால் பட்டை வைக்கோலைச் சுமந்துகொண்டு போகும், உதறாது. அடர்த்தியாகக் கதிர் கொடுத்தால் மணி வைக்கோலோடு போய்விடும்.

உதற வைத்ததுதான் அடுத்த படி, என் கணக்கில் மொத்தக் கதையிலும் அழகான இடமும் அதுதான். 1850களின் கடைசியில் அமெரிக்காவின் பேட்டில் கிரீக் ஊரில் நிக்கல்ஸ் ஷெப்பர்ட் கம்பெனி பட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு, முன்னும் பின்னும் குலுங்கும் தட்டுகளை வைத்தது. இங்கிலாந்தில் கிராங்க் ஷாஃப்ட் என்கிற, வளைவுகள் வைத்த சுழல் தண்டில் நாலைந்து நீளமான தொட்டிகளைக் கோத்து, ஒன்று ஏறும்போது பக்கத்தது இறங்கும்படி செய்தார்கள். ஸ்ட்ரா வாக்கர் என்று இன்றும் இருப்பது அதேதான். கிராங்கின் ஆரம் ஐந்து சென்டிமீட்டர், நிமிடத்துக்கு 200 சுற்று என்று கணக்குப் போட்டால், முடுக்கம் புவியீர்ப்பைப்போல் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேலே வரும். அதாவது தட்டு கீழே இறங்கும் வேகத்துக்கு வைக்கோலால் ஈடுகொடுக்க முடியாது, அது அந்தரத்தில் நின்றுவிடும். பஞ்சுபோல் விரிந்து நிற்கும் அந்தக் கணத்தில் மணி நழுவிக் கீழே விழும். 130 சுற்றுக்குக் குறைந்தால் வைக்கோல் தட்டைவிட்டுக் கிளம்பவே கிளம்பாது, சும்மா சவாரி செய்துகொண்டு வெளியே போகும். அதனால் பெல்ட் லேசாக வழுக்கினாலும் முதலில் நஷ்டம் தெரியும் இடம் இதுதான்.

அமெரிக்க இயந்திரங்களின் அளவை 28-46, 32-54 என்று இரட்டை எண்ணால் சொல்வார்கள். முதலாவது டிரம்மின் அகலம், இரண்டாவது அதற்குப் பின்னால் இருக்கும் பெட்டியின் அகலம், அங்குலத்தில். அடிக்கும் இடத்தைவிடப் பிரிக்கும் இடம் ஒன்றரை மடங்குக்கு மேல் அகலம். வைக்கோலை மெல்லிசாகப் பரப்பினால்தான் மணி கீழே இறங்கும்.

இங்கிலாந்துக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். அவர்களுக்குக் கூரை வேயவும் விற்கவும் முழு வைக்கோல் வேண்டும். அதனால் டிரம்மையே நாலரை அடி அகலமாக்கி, கதிரைக் குறுக்காகப் படுக்கவைத்துக் கொடுத்தார்கள், தாள் ஒடியாது. பல்லுக்குப் பதிலாக ஜான் கவுச்சர் 1848இல் காப்புரிமை எடுத்த வரிப்பட்டை வந்தது. இரும்புப் பட்டை, மேலே சாய்வாக வரிகள். இன்றைய கம்பைனில் அந்தப் பட்டைகளைக் கிட்டத்தில் பாருங்கள். ஒன்றில் வரி இடப்பக்கம் சாய்ந்திருக்கும், அடுத்ததில் வலப்பக்கம். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால் பயிர் முழுவதும் டிரம்மின் ஒரு ஓரத்துக்குத் தள்ளப்பட்டுவிடும். பட்டை மாற்றும்போது இதைப் பார்க்காமல் மாட்டிவிட்டு, ஒரு பக்கம் மட்டும் தேய்கிறது என்று வருகிற வண்டிகள் உண்டு.

அமெரிக்காவில் வைக்கோலுக்கு மதிப்பில்லை, ஒடிந்தால் ஒடியட்டும் என்று பல் டிரம்மையே வைத்துக்கொண்டார்கள். நம் ஊரில் கம்பைன் அடித்த வைக்கோலை மாடு வைத்திருப்பவர்கள் குறை சொல்வதும் இதே பிரச்சினைதான்.

இயந்திரமே இல்லாமல் பிரித்த ஒருவரையும் சொல்லியாக வேண்டும். ஜார்ஜ் வாஷிங்டன் 1790களில் தன் பண்ணையில் பதினாறு பக்கச் சுவருள்ள களஞ்சியம் ஒன்றைக் கட்டினார். மாடித் தளத்தில் குதிரைகள் வட்டமாக ஓடிக் கதிரை மிதிக்கும். தளப் பலகைகளுக்கு நடுவே ஒன்றரை அங்குல இடைவெளி, மணி கீழ்த்தளத்தில் கொட்டும். கட்டடமே கான்கேவ்.

கூலியாட்களின் பக்கமும் உண்டு. குளிர்கால வேலை போனது அவர்களுக்குச் சாப்பாட்டுப் பிரச்சினை. 1830 ஆகஸ்டு 28ஆம் தேதி இரவு கென்ட் மாவட்டத்தில் லோயர் ஹார்ட்ரஸ் ஊரில் ஒரு இயந்திரத்தை உடைத்தார்கள், கலவரம் தெற்கு இங்கிலாந்து முழுக்கப் பரவியது. 19 பேரைத் தூக்கிலிட்டார்கள், நூற்றுக்கணக்கானவர்களை ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தினார்கள். இன்னொரு பக்கம், டிரம்மின் வாயில் கை, கால் போனவர்கள். வாயை மூடும் தடுப்பு கட்டாயம் என்று பிரிட்டனில் 1878இல் சட்டம் வந்தது. இந்தியாவிலும் 1983இல் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது பெரும்பாலும் வட இந்தியக் கோதுமைக் களங்களில் கை இழந்தவர்களால்தான்.

கடைசியாக நெல். இந்தக் கோதுமை இயந்திரத்தை அப்படியே நெல்லுக்கு வைத்தால் தொல்லை. நெல் தாள் ஈரமாகவும் முரடாகவும் இருக்கும், அரிசியும் உள்ளே சுலபமாக விரிசல் விடும். ஜப்பானியர்கள் 1910 வாக்கில் கொண்டுவந்த கால்மிதி இயந்திரம் வேறு மாதிரி யோசித்தது. டிரம்மில் வளைந்த கம்பிகள், ஒரு ஆள் காலால் மிதித்துச் சுற்றுவார், கையில் பிடித்த கட்டின் கதிர் முனையை மட்டும் டிரம்மில் காட்டுவார். தாள் கையிலேயே இருக்கிறது, உள்ளே போவதே இல்லை. ஸ்ட்ரா வாக்கர் வேண்டாம், முன்னால் சொன்ன பிரிக்கும் பாடு முக்கால்வாசி இல்லை. இப்போது ஓடும் சில ஜப்பானிய நெல் கம்பைன்கள் தாளின் அடியைச் சங்கிலியால் கவ்விப் பிடித்துக்கொண்டு கதிரை மட்டும் டிரம்முக்குள் விடுகின்றன. கையின் இடத்தில் சங்கிலி, அவ்வளவுதான் வித்தியாசம். உதிரி பாகத்தின் விலை மட்டும் கேட்காதீர்கள்.