மருத்துவமனையில் கடும் நோயோடு இருப்பவருக்கு இறைநம்பிக்கையோடு எப்படித் துணை நிற்பது?

நீங்கள் யாரென்றும், நோய் இன்னதென்றும் கேள்வியில் எழுதவில்லை. ஆனாலும் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் உட்கார்ந்துகொண்டுதான் இதைக் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஐந்து வாரங்கள் அப்படி ஒரு வாசலில் உட்கார்ந்திருந்தவள் என்பதால் பதில் எழுதுகிறேன்.

2019 ஐப்பசியில், முப்பத்து நான்கு வயதான என் தம்பிக்கு மேல்வயிற்றில் தொடங்கிய வலி முதுகு வரை துளைத்துக்கொண்டு போயிற்று. மல்லாந்து படுக்க முடியாமல், முழங்காலைக் கட்டிக்கொண்டு இரவு முழுவதும் குனிந்தே உட்கார்ந்திருந்தான். விடியற்காலையில் கடலூரிலிருந்து புதுச்சேரிக்குக் கொண்டுபோனோம். இரத்தத்தில் லைபேஸ் என்ற செரிமான நொதியின் அளவைப் பார்த்து, ஸ்கேன் எடுத்து, கணைய அழற்சி என்றார்கள். பித்தப்பையிலிருந்து நழுவிய சிறு கல் ஒன்று வழியை அடைத்துக்கொண்டதால், உணவைச் செரிக்க வைக்க வேண்டிய கணைய நீர் கணையத்தையே அரிக்கத் தொடங்கியிருந்தது. இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் ஒரு வாரத்தில் தேறிவிடுவார்கள், ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத்தான் கடுமையாகும் என்று மருத்துவர் சொன்னார். என் தம்பி அந்த ஐந்தில் ஒருவனாக இருந்தான்.

இதில் என்னை இன்றுவரை உறுத்துவது ஒன்று உண்டு. கணைய அழற்சிக்குப் பித்தக்கல்லைப் போலவே மதுவும் முக்கியமான காரணம் என்பதால், "குடிப்பாரா?" என்று மருத்துவர் கேட்டார், அது அவருடைய கடமை. ஆனால் பார்க்க வந்த உறவினர்களும் அதையேதான் கேட்டார்கள். கல்தான் காரணம் என்று சொன்ன பிறகும், புதுச்சேரி எல்லையில் இருக்கும் கன்னியக்கோயில் தாண்டினால் சாலையோரமெல்லாம் மதுக்கடைதானே என்று என் காதுபடப் பேசினார்கள். அவன் ஒரு நாளும் தொட்டவனில்லை. தொட்டவனாகவே இருந்திருந்தாலும், மூச்சுக்குத் தவிக்கிறவனுடைய கட்டிலருகே கணக்குக் கேட்க அவர்கள் யார்?

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு பெரிய முன்மாதிரி உண்டு. திருவாமூரில் பிறந்த மருணீக்கியார், பின்னாளில் நாம் அப்பர் என்று வணங்குகிறவர், சமணராகித் திருப்பாதிரிப்புலியூரில் இருந்த காலத்தில் சூலை நோய் என்னும் கொடிய வயிற்று வலி கண்டு, தாங்க முடியாமல் திருவதிகைக்குத் தமக்கை திலகவதியாரிடம் வந்து விழுந்தார். ஏன் விட்டுப் போனாய் என்று அந்த அம்மையார் கேட்கவில்லை. திருநீற்றை ஐந்தெழுத்து ஓதிக் கொடுத்துவிட்டு, விடியுமுன் கோயிலைப் பெருக்கவும் மெழுகவும் தினமும் போகிறவர், அன்றும் அதேபோல் புறப்பட்டு, தம்பியையும் உடன் அழைத்துக்கொண்டு போனார். சிறு வயதிலிருந்து எத்தனையோ முறை கேட்ட கதைதான். அந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான், அவர் தம் தம்பிக்காகப் புதிதாக எதையும் தொடங்கவில்லை, தாம் செய்துவந்ததை நிறுத்தாமல் இருந்தார் என்பது எனக்கு உறைத்தது.

நானும் அப்படியே இருக்க முயன்றேன். நோயாளியைப் பார்க்கக் காலையில் அரைமணி, மாலை ஆறு மணிக்கு அரைமணி, ஒருவருக்கு மட்டும் அனுமதி. வீட்டில் விளக்கேற்றியதும் நான் வழக்கமாகச் சொல்லும் பதிகத்தை, மாலையில் அவன் கட்டிலருகே நின்று, அடுத்தவர் காதில் விழாத குரலில் சொல்வேன். திருநீறு பூசலாமா என்று செவிலியரிடம் கேட்டேன். கழுத்து இரத்த நாளத்தில் குழாய் செருகியிருப்பதால் எந்தப் பொடியும் வேண்டாம் என்றார். நான் பூசிக்கொண்டு போவதோடு நிறுத்திக்கொண்டேன்.

நான்காம் நாள் எங்கள் பெரியம்மா திருவந்திபுரத்திலிருந்து தீர்த்தம் கொண்டுவந்தார். அங்கே அயக்கிரீவர் சன்னதி இருக்கும் குன்றுக்கே ஔஷதகிரி, அதாவது மருந்து மலை, என்றுதான் பெயர். அவருடைய நம்பிக்கையில் நான் குறை காணவில்லை. ஆனால் அவனுக்கு வாய்வழியாக ஒரு சொட்டும் கொடுக்கக் கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு. உதடு வெடித்து, நாக்கு மரப்பட்டை மாதிரி காய்ந்து, "அக்கா, ஒரு வாய் தண்ணி" என்று அவன் கெஞ்சும்போதெல்லாம், நனைத்துப் பிழிந்த துணியால் உதட்டை ஒற்ற மட்டுமே எனக்கு அனுமதி இருந்தது. பெரியம்மா ஒரு ஸ்பூன்தானே, பெருமாள் தீர்த்தம் என்ன செய்துவிடும் என்று அழுதார். நான் அந்தப் புட்டியை வாங்கி, அவர் எதிரிலேயே, நானே குடித்தேன். அவர் அதன் பிறகு இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. நான் செய்தது அபசாரம் என்று இப்போதும் சிலர் சொல்லலாம். அவனுக்கும் எனக்கும் ஓடுவது ஒரே இரத்தம் என்பதால் அது அவனையும் சேரும் என்று நம்பித்தான் குடித்தேன்.

மருத்துவத்தை விட்டுவிட்டுக் கோயிலைச் சுற்றச் சொல்கிறேன் என்று தயவுசெய்து யாரும் இதன் கீழே எழுத வேண்டாம். மூக்கு வழியாகச் சிறுகுடல் வரை விட்ட குழாயில் போன உணவும், நான்காம் வாரத்தில் சீழை வடிக்க வயிற்றில் வைத்த குழாயும்தான் அவனைத் தேற்றின. பின்னர் பித்தப்பையையும் எடுத்துவிட்டார்கள்.

என் பிரார்த்தனையால் பிழைத்தான் என்றும் நான் எழுத மாட்டேன். அடுத்த கட்டிலில் இருந்தவரின் மனைவி, வில்லியனூர் லூர்து அன்னை ஆலயத்துக்குப் போய்வந்து, வாசலில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டே இருப்பார். என்னைவிட அதிகமாகத்தான் வேண்டினார். பதினேழாம் நாள் அவருடைய கணவர் இறந்துபோனார். என் தம்பி பிழைத்ததை என் நம்பிக்கையின் கணக்கில் எழுதினால், அந்த அம்மாளின் நம்பிக்கையில் ஏதோ குறை இருந்தது என்று ஆகிவிடும். அவர் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தவள் நான். அப்படி ஒரு சொல்லை என்னால் சொல்ல முடியாது.

வீடு திரும்பிய பிறகு ஒரு நாள், நான் பதிகம் சொன்னது காதில் விழுந்ததா என்று தம்பியிடம் கேட்டேன். வலி மருந்தின் மயக்கத்தில் ஒரு வரிகூட நினைவில்லை என்றான். ஆனால் எதிர்ச்சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது, சின்ன முள் ஆறுக்கு வந்தால் அக்கா வருவாள் என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்றான்.

உங்களவரைப் பார்க்க எத்தனை மணிக்கு விடுகிறார்கள் என்று தெரியவில்லை. அந்த நேரத்தைத் தவற விடாதீர்கள். வேண்டுதலுக்காகக் கோயிலுக்குப் போவதாக இருந்தாலும், அதற்குள் திரும்பி வந்துவிடுங்கள்.