வெள்ளைப் பொடி பூக்கும் ஷெர்மன்

கேள்வி: மலைநாட்டில் தலவாக்கலைக்கு மேலே இருக்கிறோம். இரண்டாம் உலகப் போர்க்கால ஷெர்மன் டாங்கியின் மாதிரி ஒன்றை ஆறில் ஒரு பங்கு அளவில் (1/6) இரண்டு வருடமாகச் செய்கிறேன். உடம்பு அலுமினியத் தகடு, சக்கரத் தாங்கிகளைப் பித்தளையில் கடைந்தேன், ஸ்க்ரூ எல்லாம் இரும்பு. பெயின்ட் அடித்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஸ்க்ரூ தலைகளையும் பித்தளைத் துண்டுகளையும் சுற்றிப் பெயின்ட் கொப்பளித்து வெள்ளைப் பொடி வருகிறது. பக்கத் தகட்டில் வெங்காயத் தோல் போல உரிகிறது. படங்களும் அனுப்பியிருக்கிறேன். ஒருவர் மேலே இன்னொரு கோட் அடி என்கிறார். இன்னொருவர் கொழும்புக்கு அனுப்பிப் பவுடர் கோட்டிங் செய்து தருகிறேன் என்கிறார். முழுவதையும் கழற்ற வேண்டுமா?

பதில்: முழுவதையும் கழற்ற வேண்டாம் தம்பி. இன்னொரு கோட்டும் வேண்டாம். பவுடர் கோட்டிங்குக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அந்த ஆளைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

உங்கள் டாங்கிக்கு ஒரு நோய் இல்லை, இரண்டு. கொப்பளிப்பது வேறு, உரிவது வேறு.

கொப்பளிப்பதற்குக் காரணம் பெயின்ட் அல்ல. இரண்டு வகை உலோகம் ஒட்டி நிற்கிறது, நடுவில் ஈரம் இருக்கிறது. அது போதும், ஒரு சின்ன பேட்டரி தயார். அதில் தேய்வது எப்போதும் அலுமினியம்தான். அந்த வெள்ளைப் பொடி அலுமினியத்தின் துரு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரும்பு ஸ்க்ரூவால் மெதுவாக நடக்கும், பித்தளையால் வேகமாக நடக்கும். உங்கள் படத்திலும் சக்கரத் தாங்கியைச் சுற்றித்தான் மோசம். முப்பது வருடம் தேயிலை இஸ்டோரில் (தொழிற்சாலையில்) ஃபிட்டராக இருந்தவன் சொல்கிறேன்: கொழுந்தை உருட்டும் ரோலர் மேசையின் பித்தளைக்குப் பக்கத்தில் அவசரத்துக்கு ஓர் அலுமினியத் துண்டு வைத்தால் அடுத்த சீசனில் அங்கே ஓட்டைதான் மிச்சம் இருக்கும். கடற்கரையில் உப்புக் காற்று செய்வதை இங்கே மூடுபனியும் நம் விரல் வியர்வையும் செய்கின்றன.

ஆகவே கொப்பளித்த இடத்து ஸ்க்ரூக்களை மட்டும் கழற்றுங்கள். பொடியைச் சுரண்டி, உலோகம் பளிச்சென்று தெரியும்வரை சேண்ட் பேப்பர் போடுங்கள். பித்தளைத் தாங்கிக்கும் தகட்டுக்கும் நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்றை வெட்டி வையுங்கள். ஸ்க்ரூ தலைக்கு அடியில் நைலோன் வொஷர். ஸ்க்ரூவின் மரைக்குள் கொஞ்சம் கிரீஸ். தகட்டுத் துளைக்குள்ளும் பிரைமரை (அடிப்பூச்சை) தொட்டு வையுங்கள். எல்லோரும் வெளியே அடித்துவிட்டுத் துளையை மறந்துவிடுவார்கள். இன்னொன்று: அலுமினியத்துக்கு மட்டும் பெயின்ட் அடித்துவிட்டுப் பித்தளையைச் சும்மா விடாதீர்கள். பெயின்டில் சின்னக் கீறல் விழுந்தால் அத்தனை அரிப்பும் அந்தக் கீறலில் போய் நிற்கும். இரண்டுக்கும் அடிக்க வேண்டும்.

உரிவது வேறு கதை. அலுமினியத்தை வெட்டியவுடனேயே அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் படிந்துவிடும். வழவழப்பான அந்தத் தோலில் சாதாரணப் பெயின்ட் பிடிக்காது. நீங்கள் அடித்தது இரும்புக் கேட்டுக்கு அடிக்கும் ரெட் ஒக்சைட் என்று நினைக்கிறேன். இரும்புக்கு அது நல்லது, அலுமினியத்துக்கு இல்லை. 320 நம்பர் தாளால் மங்கும்வரை தேயுங்கள், தின்னரால் துடையுங்கள், பிறகு கை படாமல் அன்றைக்கே குழம்பையும் அதை இறுக்கும் ஹார்ட்னரையும் கலந்து அடிக்கிற இபொக்சி பிரைமர் அடியுங்கள். உலோகத்தை லேசாக அரித்துப் பிடிக்கிற எட்ச் பிரைமரும் உண்டு. ஆனால் அதையும் இபொக்சியையும் ஒன்றன்மேல் ஒன்று போட்டால் புதுத் தகராறு, ஆகவே அது உங்களுக்கு வேண்டாம்.

அடிக்கும் நேரம் முக்கியம். வேலை முடிந்து வந்து பின்னேரத்தில் அடித்திருப்பீர்கள். வெயில் இறங்கியதும் காற்றை விட உலோகம் சீக்கிரம் குளிரும், கண்ணுக்குத் தெரியாமல் அதன்மேல் பனி பூக்கும். 20 பாகை வெப்பத்தில் காற்றின் ஈரப்பதன் 90 வீதமாக இருந்தால், உலோகம் 18 பாகைக்குக் கொஞ்சம் மேலேயே வியர்க்கத் தொடங்கும். அந்தப் புள்ளிக்கு மேலே மூன்று பாகையாவது சூடாக இருந்தால்தான் அடிக்கலாம். கணக்கு வராவிட்டால் விடுங்கள். தகட்டின்மேல் ஒரு கிளாஸ் பச்சைத் தண்ணீரை வைத்துப் பாருங்கள், கிளாஸ் வெளியே வியர்த்தால் அன்றைக்குக் கடையை மூடுங்கள். இபொக்சி குளிரில் ஒழுங்காகக் காயாது, மேலே பிசுபிசுப்பாக ஒரு படலம் வரும். தை, மாசியில் பத்து மணிக்குப் பிறகு வெயில் ஏறும் நேரம்தான் நமக்கு உகந்தது.

இனி அந்தப் பவுடர் கோட்டிங் ஆள். அந்த வேலை ஜன்னல் சட்டத்துக்கும் கேட்டுக்கும் தங்கமான வேலை, மறுக்கவில்லை. ஆனால் பொடியைத் தூவிவிட்டு 180 முதல் 200 பாகை வரையான சூளைக்குள் வைப்பார்கள். சாதாரண ஈயப்பற்று 190 பாகைக்குள் உருகிவிடும். நீங்கள் ஈயம் வைத்து ஒட்டிய கைப்பிடி, விளக்குக் கூடு, கொக்கி எல்லாம் சூளையின் தரையில் கிடக்கும். இபொக்சிப் பசையால் ஒட்டியவையும் இளகும். மிஞ்சி நிற்பவற்றின்மேல் பொடி தடிப்பாகப் படிந்து ரிவெட்டுத் தலைகளை மூடிவிடும். இரண்டு வருடம் குனிந்து குனிந்து செய்த வேலை சோப்புக் கட்டி மாதிரி திரும்பி வரும். கூட்டிப்போகிற ஆளுக்குக் கமிஷன் வந்திருக்கும், அவருக்கு என்ன! சூளைக்காரரிடம் நேரே பேச முடியாதபடி நடுவில் ஒருவர் நின்றால் அந்த வேலையே வேண்டாம்.

அதைவிடப் பெரிய தலைவலி ஊற்றிக் கொடுக்கிற பிரைமர். இபொக்சி பிரைமர் பெரிய டின்னில்தான் கிடைக்கும். நமக்குத் தேவை ஒரு கோப்பை. சின்ன டின்னில் விற்கலாமே என்று எத்தனை கடையில் கேட்டிருக்கிறேன்; யாருக்கும் காது இல்லை. வாகனப் பட்டறைகளை வைத்தே எல்லாம் நடக்கிறது, வீட்டில் உட்கார்ந்து செய்பவன் ஆளே இல்லை. ஆகவே தண்ணீர்ப் போத்தலில் ஊற்றித் தருவார்கள். அதில் எந்தக் கொம்பனிக் குழம்பு, எந்தக் கொம்பனி ஹார்ட்னர், எத்தனை மாதம் திறந்திருந்தது என்று யாருக்கும் தெரியாது. ஒருமுறை அப்படி வாங்கியதை அடித்துவிட்டுப் பதினொரு நாள் காத்திருந்தேன். காயவே இல்லை. வழி இருக்கிறது: பக்கத்தில் வாகனங்களுக்கு டிங்கரிங் செய்கிற பாஸிடம் (மேஸ்திரியிடம்) போய், அவர் தன் வேலைக்குக் கலக்கும் நாளிலேயே அதே டின்னிலிருந்து கேளுங்கள். அவர் அடிக்கும்போது உங்கள் துண்டையும் அடித்துத் தந்தால் இன்னும் நல்லது. தேநீர்ச் செலவோடு முடியும்.

உதிரிப்பாகம் வெளிநாட்டிலிருந்து எடுப்பதாக இருந்தால், பெட்டியில் என்ன எழுதுகிறார்கள் என்று முதலே சொல்லி வையுங்கள். எனக்கு வந்த பொதியின் விலைச்சீட்டில் ‘டாங்கிப் பாகம்’ என்று இருந்தது. சுங்கத்தில் நாலு மாதம் கிடந்தது. அனுமதிக் கடிதம் எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் காசு கேட்டார், கடைசியில் கடிதமே தேவைப்படவில்லை. காட்சிக்கு வைக்கும் மாதிரிப் பொம்மை, அலுமினியமும் இரும்பும், அளவு இவ்வளவு என்று உண்மையை உள்ளபடி எழுதச் சொல்லி, படமும் வையுங்கள்.

துருவே கூடாது என்று இவ்வளவு சொன்னேன் அல்லவா? சங்கிலிக்கு மட்டும் விலக்கு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். ஷெர்மனின் சங்கிலி ஒரே வகை அல்ல. பல வண்டிகளில் தரையைத் தொடும் பாதம் இறப்பர், பாதங்களைக் கோர்க்கும் முனை இணைப்புகள் மட்டும் இரும்பு. முழு இரும்புப் பாதமும் இருந்தது. உங்கள் படத்தில் உள்ளது இறப்பர் பாதம். அதற்குப் போய்ச் செந்துரு அடித்தால் தெரிந்தவர் பார்த்துச் சிரிப்பார். நிறம் மாற வேண்டியது இணைப்புகளில்தான். ஷெர்மனில் நீளமான வகையான எம்4ஏ4 என்றால் ஒரு பக்கத்துக்கு 83 பாதம், ஒரு மூட்டுக்கு இரண்டு இணைப்பு, இரண்டு பக்கமும் சேர்த்து 332. பெயின்ட் அடித்தால் ஓட்டும்போது உரியும், ஆகவே அடிக்காதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவிவிட்டு டஸ்ட் தேயிலையைக் கறுக்கக் கொதிக்கவைத்து, ஆறியதும் இணைப்புகளை அதில் ஒரு நாள் போட்டு வையுங்கள். தேயிலைச் சாயத்துக்கும் இரும்புக்கும் ஆகாது, நீலக் கறுப்பாக மாறும். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர் கத்தியைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. கழுவி, நன்றாக உலர்த்தி, எண்ணெய்த் துணியால் துடையுங்கள். பாதங்களைக் கோர்க்கும் ஊசிகளுக்குள் துரு போக விடாதீர்கள்; ஊசி இறுகினால் சங்கிலி அசையாது. பற்சக்கரம் அலுமினியமா? அப்படியானால் இணைப்பை ஈரத்தோடு அதன்மேல் மாட்டவே கூடாது.

கோபுரத்துக்கு வார்ப்பு வேலை போலச் சொரசொரப்பு வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எம்4ஏ4 என்றால் கோபுரமும் மூன்று துண்டாகப் போல்ட் போட்ட முன் மூக்கும்தான் வார்ப்பு, உடம்பு வெல்டிங். ஆகவே தகட்டில் சொரசொரப்புப் போடாதீர்கள், வெல்டிங் வரி மட்டும் வையுங்கள். நிஜத்தில் 12 மில்லிமீற்றர் வரி இங்கே 2 மில்லிமீற்றர்தான். வார்ப்புக்குப் பட்டியை (பள்ளம் நிரப்பும் putty) தின்னரில் இளக்கி, முடி குட்டையாக வெட்டிய பிரஷ்ஷால் குத்திக் குத்தி எடுங்கள். பிரைமருக்கு மேலே, கீழே அல்ல. நல்ல வேலை, வீணாக்காதீர்கள். 1944 ஏப்ரலில் தென்கிழக்காசிய நேச நாட்டுப் படைகளின் தளபதி மவுண்ட்பேட்டனின் தலைமையகம் பேராதனைக்கு வந்தது, அடுத்த மார்ச்சில் பர்மாவின் மெய்க்தீலாவில் இந்தியப் படையோடு ஷெர்மன்கள் நின்றன. பர்மா அடையாளம் போடுவதாக இருந்தால் பொருத்தம்தான்.

தை வரும்வரை டாங்கியைப் பொலித்தீனால் மூடாதீர்கள், உள்ளே வியர்க்கும். பழைய சீலையால் மூடி, தரையில் வைக்காமல் பலகைமேல் வையுங்கள். நிஜ வண்டி சுமார் 32 தொன். ஆறில் ஒன்று அளவென்றால் எடை 216இல் (6×6×6) ஒன்றாகும், கணக்குப்படி 148 கிலோ. உங்களுடையது உள்ளே காலி என்பதால் அவ்வளவு வராது, ஆனாலும் மெல்லிய மேசையை நம்ப வேண்டாம்.

கடைசியாக, உங்கள் மூன்றாவது படத்தில் கோபுரத்துக்கு அடியில் கண்ணாடி மாதிரிப் பளபளவென்று ஏதோ தெரிகிறது. குளியலறைக்குப் போடும் சிலிக்கனா அது? போடும்போது வினிகர் மணம் வந்ததா? வந்திருந்தால் மூடிய கூட்டுக்குள் அந்தப் புளிப்பு ஆவி நின்று உலோகத்தைத் தின்றிருக்கும். ஸ்க்ரூக்களைத் தொடுவதற்கு முன் முதலில் அதைச் சுரண்டி எடுங்கள்.