சர்க்கரையில் அச்சுக்கோத்தவர்கள்

கேள்வி: இங்கிலாந்தில் இருக்கும் மருமகள், பிளாக்பூல் கடற்கரையில் விற்கும் ‘ராக்’ என்ற குச்சி மிட்டாய் வாங்கி வந்தாள். எங்கே கடித்தாலும் உள்ளே ஊர்ப்பெயர்! எப்படி அச்சடிக்கிறார்கள்? இப்படிக் கையால் செய்யும் மிட்டாய்க் கடை இங்கே போட்டால் ஓடுமா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அச்சடிப்பதா? அம்மா, அது அச்சுக்கோப்பது! ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்தவர்களோடு குப்பை கொட்டியவன் நான். இந்த இடத்தில் கொஞ்சம் கோபம் வரும்.

சர்க்கரையையும் குளுக்கோஸ் பாகையும் 145 டிகிரி வாக்கில் காய்ச்சி இரும்பு மேஜையில் கொட்டுகிறார்கள். அதில் ஒரு பங்கை இழுத்து இழுத்துக் காற்றேற்றினால் வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். அதுதான் காகிதம். சாயமிட்ட பாகுப் பட்டை, மை. ஆங்கில ‘பி’ வேண்டுமா? இரண்டு வெள்ளைக் கட்டைகளைச் சுற்றிச் சிவப்புப் பட்டை, ஆள் நீளத்துக்கு. சதுர எழுத்துகள் முதலில். ‘ஓ’ கடைசியில்தான், பாகு இளகியிருக்கும்போது செய்தால் வட்டம் சப்பளிந்துவிடும். ‘பிளாக்பூல் ராக்’ என்று கோக்க மூன்று ‘ஓ’ வேண்டும், பாவம். எல்லாவற்றையும் வட்டமாக அடுக்கி, ரோஸ் நிறப் போர்வை சுற்றினால் தூண் தடிமனுக்கு ஓர் உருளை. அதைத்தான் உருட்டி, விரல் தடிமனுக்கு நீட்டி நறுக்குகிறார்கள். எழுத்து சிறுக்கும், கலையாது.

தமிழில் கோக்கச் சொன்னால் அந்த மேஸ்திரி அன்றே வேலையை விட்டுவிடுவார். ட, ப போல ஒன்றிரண்டு தவிர நம்மிடம் எல்லாம் சுழியும் வளைவும். ‘கும்பகோணம்’ நடக்காது. ‘படம்’ கோக்கலாம்; புள்ளி கரைந்தால் ‘படம’.

எழுத்துப்பிழை வந்தால் இன்னும் விசேஷம். ஓர் உருளையில் ஓர் எழுத்து தப்பினால் அத்தனை குச்சியிலும் தலை முதல் கால் வரை தப்பு. ஆனால் தின்று தீர்த்துவிடலாம். ‘அருவி’யை ‘அறுவி’ ஆக்கிய குற்றத்துக்காக ஒரு கவிஞர் பதினோரு வருஷமாக என்னோடு பேசுவதில்லை. அந்தப் பக்கத்தை மட்டும் பெப்பர்மின்ட்டில் போட்டிருந்தால் சாட்சியமே இருந்திருக்காது.

கடை ஓடுமோ என்னவோ, ஐப்பசி ஈரத்தில் மிட்டாய் ஓடும். ஜாடியை இறுக மூடுங்கள்.

எனக்கு இதில் பிடித்தவர் ஹென்றி மேஹ்யூ என்ற பத்திரிகைக்காரர். 1851 வாக்கில் லண்டன் தெரு வியாபாரிகளைத் தேடித் தேடிப் போய் எழுதியவர். அப்போதே குச்சி மிட்டாய்க்குள் ‘என்னைக் காதலிக்கிறாயா?’ என்று கோத்து விற்றிருக்கிறார்கள். இன்னொன்றில், ‘பொடிமீன் பிடிக்குமா?’ ஒரு மிட்டாய்க்காரர் வீட்டு அலமாரியில் ஓரடி உயரத்துக்குக் காகிதக் கட்டு இருந்ததையும் பார்த்திருக்கிறார். அத்தனையும் பாராளுமன்றச் சட்டங்கள். மிட்டாய் மடிக்க!

விற்காத நம் இதழ்களை எடைக்கு எடுக்கும் கடலைக்காரரிடம் பெருமையாக இதைச் சொன்னேன். “சட்டத் தாள்னா கெட்டியா இருந்திருக்கும் சார்” என்றார்.