ஃபைபர் இணைப்பு வேலை: பயிற்சியும் தேர்வும் – வாசகர் கேள்வி பதில்

வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் ஃபைபர், நெட்வொர்க் கேபிள் போடுபவர்களின் பயிற்சி பற்றியும் தேர்வு பற்றியும் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: எங்கள் மையத்து மாணவர்கள் ஸ்ப்ளைஸ் (இரண்டு ஃபைபர் முனையை உருக்கிச் சேர்க்கும் ஒட்டு) போட்டால் மெஷின் திரையில் 0.01, 0.02 டிபி (ஒளி இழப்பின் அளவு) என்றுதான் வருகிறது. வேலைக்குப் போன பிறகு அவர்கள் கொடுத்த இணைப்புகளில் சில வாரங்களிலேயே, ஒளி வரவில்லை என்று காட்டும் எல்ஓஎஸ் சிவப்பு விளக்கு எரிகிறது என்று புகார். எங்கே கோட்டை விடுகிறோம்?
– பயிற்றுநர், திண்டுக்கல்

பதில்: அந்த 0.01 என்பது மெஷினின் ஊகம். இரண்டு முனையும் எப்படிச் சேர்ந்தன என்று கேமராவில் பார்த்துக் கணக்குப் போட்டுச் சொல்கிறது. ஒளியை அனுப்பி அளப்பதில்லை. அதைவிட முக்கியம், ஒட்டு போட்ட பிறகு நடக்கும் எதுவும் அந்த எண்ணில் கிடையாது. உங்கள் மாணவர்கள் கோட்டை விடுவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் இருக்கும்.

முதலில் ஸ்லீவ், அதாவது ஒட்டின் மேல் போட்டுச் சூடாக்கிச் சுருக்கும் காப்புக் குழாய். ஃபைபர் முனையை வெட்டும் க்ளீவரில் 16 மி.மீ. விட்டு வெட்டினால் இரண்டு பக்கமும் சேர்த்து 32 மி.மீ. வெற்றுக் கண்ணாடி. 60 மி.மீ. ஸ்லீவ் போட்டால் ஒவ்வொரு ஓரத்திலும் 14 மி.மீ. மேலுறையைப் பிடித்துக்கொள்ளும். 40 மி.மீ. ஸ்லீவ் போட்டால் பிடிப்பு 4 மி.மீ. மட்டுமே. சற்று நகர்த்தி வைத்தாலும் ஒரு பக்கம் வெற்றுக் கண்ணாடி வெளியே நிற்கும்; பெட்டியைத் திறந்து மூடும் யாரோ ஒருவர் கையில் அது உடையும். சிறிய ஸ்லீவ்தான் கையில் இருக்கிறது என்றால் க்ளீவ் நீளத்தை 10 மி.மீ. ஆக்கச் சொல்லுங்கள். ஹீட்டரிலிருந்து எடுத்த சூட்டோடு, பெட்டிக்குள் ஒட்டை வைக்கும் டிரேயில் அழுத்துவதும் கெடுதல். பசை இறுகுவதற்குள் வளைந்தால் அந்த வளைவோடேயே உறைந்துவிடும்.

அடுத்தது, டிரேயில் ஃபைபரைச் சுருட்டி வைக்கும் சுற்று. பழைய ஜி.652 ஃபைபருக்குக் குறைந்தது 30 மி.மீ. ஆரம் வேண்டும். ஜி.657 ஏ1 வகை 10 மி.மீ., ஏ2 வகை 7.5 மி.மீ. வரை தாங்கும். மாணவர்கள் பயிற்சி மையத்தில் ஏ2 பிக்டெயிலை (ஒரு முனையில் மட்டும் கனெக்டர் உள்ள சிறு ஃபைபர்) எப்படிச் சுருட்டினாலும் ஒன்றும் ஆவதில்லை. களத்தில் பழைய கேபிள் வந்தால் அதே கை அதே பழக்கத்தில் சுருட்டும். ஆகவே பயிற்சிக்கு வேண்டுமென்றே ஜி.652 வாங்கிப் போடுங்கள். வளைவு இழப்பு 1310 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அவ்வளவாகத் தெரியாது, 1550-ல் பளிச்சென்று தெரியும். இரண்டிலும் அளக்கச் சொல்லுங்கள். 1310-ல் சரியாக இருந்து 1550-ல் மட்டும் இழப்பு ஏறினால், ஒட்டைப் பிரிக்க வேண்டாம், டிரேயைத் திறந்து சுற்றைப் பார்த்தால் போதும்.

மூன்றாவது கனெக்டர் முகம். ஒற்றை மோட் ஃபைபரில் ஒளி போகும் கோர் 9 மைக்ரான்தான். விரல் எண்ணெய் பட்டால் அதன் மேல் ஒரு படலம். ‘புது பேட்ச் கார்டுதானே’ (இரு முனையிலும் கனெக்டர் உள்ள சிறு கேபிள்) என்று துடைக்காமல் செருகுவது களத்தில் அன்றாடம் நடப்பது. தூசி மூடிக்குள்ளும் தூசி இருக்கும். செருகும் ஒவ்வொரு முறையும் இரண்டு முகத்தையும் துடைக்க வேண்டும், இரண்டு கனெக்டரைச் சேர்க்கும் அடாப்டருக்குள் இருப்பதையும் சேர்த்து.

மதிப்பெண்ணை மாற்றினால் பழக்கம் மாறும். ஒவ்வொரு மாணவரும் மூன்று அளவை எழுதட்டும்: ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரின் வெளியீட்டில் ஒன்று, ஒட்டு போட்டுப் பெட்டியை மூடும் முன் ஒன்று, மூடித் திருகு முடுக்கிய பின் ஒன்று. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் 0.3 டிபிக்கு மேல் வித்தியாசம் வந்தால் திரையில் என்ன வந்திருந்தாலும் மதிப்பெண் கிடையாது என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: கேபிள் டிவியோடு இன்டர்நெட்டும் கொடுக்கிறோம். பையன்கள் பத்து வருடமாக வேலை பார்ப்பவர்கள். ஒளியின் வலுவை அளக்கும் பவர் மீட்டரில் மைனஸ் 6 என்று அருமையாக வருகிறது, ஆனால் வீட்டிலுள்ள ஓஎன்டி (ஃபைபர் மோடம்) எல்ஓஎஸ் அடிக்கிறது. மீட்டர் கோளாறா? இவர்களுக்குச் சான்றிதழ் வாங்க மறுபடி முழுப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டுமா?
– கேபிள் ஆபரேட்டர், தூத்துக்குடி

பதில்: மீட்டரில் கோளாறு இருக்க வாய்ப்புக் குறைவு. உங்கள் ஃபைபரில் இன்டர்நெட் 1490 நானோமீட்டரிலும் டிவி 1550-லும் ஒன்றாக வருகின்றன. சாதாரண பவர் மீட்டரில் 1490 என்று பொத்தானை அழுத்தினால் அது 1490-ஐ மட்டும் பிரித்து அளக்காது. உள்ளே விழும் ஒளி மொத்தத்தையும் கூட்டி, 1490-க்கான திருத்தத்தோடு காட்டும். டிவி ஒளி பல மடங்கு வலுவானது. அந்த மைனஸ் 6 டிவியின் எண். இன்டர்நெட் அதற்கடியில் மைனஸ் 29-ல் கிடக்கலாம். அலைநீளம் பிரித்துக் காட்டும் பான் மீட்டர் ஒன்றாவது குழுவுக்கு வேண்டும். ஓஎன்டி திருப்பி அனுப்பும் 1310 ஒளியையும் அதில்தான் பார்க்க முடியும். அது விட்டு விட்டு வரும் துடிப்பு; போதாக்குறைக்கு, மேலிருந்து ஒளி வந்தால்தான் ஓஎன்டி பேசவே தொடங்கும்.

எண் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைப் பையன்களே கணக்குப் போடப் பழகட்டும். உங்கள் பக்கம் ஒளியை அனுப்பும் கருவியான ஓஎல்டியிலிருந்து கிளம்புவது பிளஸ் 3 டிபிஎம் (ஒளி வலுவின் அளவு; மைனஸ் கூடக் கூட வலு குறைவு) என்று வையுங்கள். 1:8 ஸ்ப்ளிட்டர் இரண்டு படியில், தலா 10.5 வீதம் 21 டிபி. 4 கி.மீ. கேபிளுக்கு 0.35 வீதம் 1.4. ஆறு ஒட்டுக்கு 0.1 வீதம் 0.6. நான்கு கனெக்டருக்கு 0.3 வீதம் 1.2. மொத்தம் 24.2. வீட்டில் வர வேண்டியது மைனஸ் 21.2 டிபிஎம். பி பிளஸ் வகை ஓஎன்டி மைனஸ் 27 வரை கேட்கும் என்பதால் மைனஸ் 26-ல் ‘ஓடுதுல்ல’ என்று விட்டுவிட்டு வருகிறார்கள். கணக்குக்கும் மீட்டருக்கும் 5 டிபி இடைவெளி இருந்தால் வழியில் ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது. மழைக்காலத்தில் அது இன்னும் இறங்கும். மறுபக்கமும் எல்லை உண்டு. மைனஸ் 8-ஐ விட வலுவாக வந்தாலும் ஓஎன்டி திணறும்.

சான்றிதழுக்கு முழுப் பயிற்சி தேவையில்லை. ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களுக்கு ஆர்பிஎல் என்ற வழி இருக்கிறது: சிறு அறிமுக வகுப்பு, அதன்பின் நேராகத் தேர்வு. தொலைத்தொடர்புப் பிரிவில் பாடத்தரங்களை வகுப்பது டெலிகாம் செக்டார் ஸ்கில் கவுன்சில். அனுபவசாலிகள் தடுக்கி விழுவது கைவேலையில் அல்ல, பாதுகாப்பிலும் பதிவு எழுதுவதிலும்தான். ஹெல்மெட் போடாமல் ஏணியில் ஏறுவது, கண்ணாடித் துண்டைத் தரையில் தட்டிவிடுவது, ஃபைபர் முனையைக் கண்ணருகே தூக்கிப் பார்ப்பது. 1310, 1490, 1550 மூன்றுமே கண்ணுக்குத் தெரியாத ஒளி. ‘வெளிச்சம் வரலையே’ என்று உற்றுப் பார்ப்பவருக்கு அந்த இடத்திலேயே மதிப்பெண் போய்விடும். தேர்வுக்கு முந்தைய வாரம் இதை மட்டும் சொல்லிக் கொடுங்கள்.

கேள்வி: ஒரே நாளில் 30 பேரை மதிப்பிடச் சொல்கிறார்கள். ஒட்டு போடும் மெஷினான ஸ்ப்ளைசர் மூன்றுதான். எல்லோரும் ஒரே மாதிரி ஒட்டு போட்டுக் காட்டுகிறார்கள். யார் வேலைக்கு ஆவார் என்று பிரிக்க முடியவில்லை.
– மதிப்பீட்டாளர், சேலம்

பதில்: ஒட்டு போடச் சொல்வது பாதித் தேர்வு. ஆளுக்கு அரைமணி நேரம் வைத்தால் மூன்று மெஷினில் பத்துச் சுற்று, ஐந்து மணி நேரம். அந்த நேரத்தில் மற்றவர்கள் எழுத்துத் தேர்வையும் வாய்மொழித் தேர்வையும் முடித்துவிடலாம். பக்கத்திலேயே ஒரு ‘பழுது மேசை’ போடுங்கள். ஸ்ப்ளிட்டர், வீட்டுக்கு வரும் டிராப் கேபிள் 20 மீட்டர், சுவர்ப் பெட்டி, ஓஎன்டி உள்ள வரிசை நான்கு, ஒவ்வொன்றிலும் ஒரு பழுது. ஒன்றில் ஸ்ப்ளிட்டருக்குப் பின்னால் பிக்டெயிலைக் கேபிள் டை போட்டு இறுக்கிக் கட்டியிருக்கும். ஒன்றில் பச்சை அடாப்டரில் நீலக் கனெக்டர் (ஏன் தவறு என்பது கடைசிக் கேள்வியில்). ஒன்றில் கனெக்டர் முகத்தில் விரல் ரேகை. நான்காவதில், ஒட்டு போடாமல் கையால் மாட்டும் ஃபாஸ்ட் கனெக்டருக்குள் ஃபைபர் முழுதாகப் போய்ச் சேர்ந்திருக்காது. ஆளுக்கு ஒரு வரிசை, பத்து நிமிடம். அடுத்தவர் வருமுன் வரிசையை மாற்றிவிடுங்கள். வெளியே போனவர் வாசலிலேயே விடையைச் சொல்லிவிடுவார்.

பழுதைக் கண்டுபிடித்தாரா என்பதோடு எதை முதலில், எதை அடுத்துத் தேடினார் என்றும் பாருங்கள். தெரிந்தவர் முதலில் ஓஎன்டி விளக்கைப் பார்ப்பார், பேட்ச் கார்டைக் கழற்றி அளப்பார், துடைப்பார், மறுபடி அளப்பார், அப்புறம்தான் ஸ்ப்ளிட்டர் பக்கம் போவார். தெரியாதவர் எடுத்த எடுப்பில் கட்டரைத் தூக்குவார்.

ஒட்டு மேசையில் நின்று பார்க்க வேண்டியவை: உரிக்கும் முன் ஸ்லீவைக் கோர்த்தாரா (மறப்பது பெரும்பாலும் இதைத்தான்), ஆல்கஹாலால் துடைத்த பின் க்ளீவ் செய்தாரா, க்ளீவ் செய்த முனையை மறுபடி துடைத்தோ தொட்டோ கெடுத்தாரா. ஆல்கஹால் புட்டியின் மூடி திறந்திருக்க ஆர்க் (ஃபைபரை உருக்கும் மின்பொறி) அடித்தாரா என்பதும் கேள்விதான். கடைசியாக, வெட்டிய ஃபைபர் துண்டுகளை அவர் போட்ட டப்பாவைத் திறந்து எண்ணுங்கள். ஒரு ஒட்டுக்கு இரண்டு முனை, இரண்டு துண்டு. இரண்டு ஒட்டு போட்டவரின் டப்பாவில் நான்குக்குக் குறைவாக இருந்தால் மீதி தரையில் இருக்கிறது, அல்லது அவர் சட்டையில். வீட்டில் அது தவழும் குழந்தையின் உள்ளங்கையில் ஏறும்.

இன்னொன்று. சொல்லிக்கொடுத்தவர் தேர்வு அறையில் இருக்கக்கூடாது. பயிற்சி மையமும் மதிப்பீட்டு அமைப்பும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்பதன் நோக்கமே அதுதான். தேநீர் கொண்டுவரும் சாக்கில் வந்து நிற்பவரையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

கேள்வி: மகன் பிளஸ் டூ முடித்திருக்கிறான். ஃபைபர் டெக்னீஷியன் படிப்பில் சேர்க்கலாமா? மையத்தில் என்ன விசாரிக்க வேண்டும்?
– ஒரு தாய், விருதுநகர்

பதில்: முதலில் மகனுக்கு நிறப்பார்வை சரியாக இருக்கிறதா என்று கண் மருத்துவரிடம் பார்த்துவிடுங்கள், அம்மா. கேபிளுக்குள் இருக்கும் 12 இழைகளை நிறத்தை வைத்துத்தான் எண்ணுவார்கள்: நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல், வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா, ரோஸ், அக்வா. பச்சையும் பழுப்பும் ஒன்றாகத் தெரிபவருக்கு இது சரிவராது. சேர்ந்து பணம் கட்டிய பிறகு தெரியவருவதில் யாருக்கும் லாபமில்லை. உயரத்தில் ஏறப் பயமா என்றும் மகனிடமே கேளுங்கள்.

மையத்தில் ‘வேலை உத்தரவாதமா’ என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். பதிலாக, ஒரு பேட்சுக்கு எத்தனை பேர், எத்தனை ஸ்ப்ளைசர், படிப்பு முடிவதற்குள் என் பிள்ளை கையால் எத்தனை ஒட்டு போடுவான் என்று கேளுங்கள். ஐம்பதுக்குக் கீழே சொன்னால் எங்கள் கணக்கில் அது போதாது. ஃபைபரில் பழுது எங்கே என்று காட்டும் ஓடிடிஆர் கருவியைக் காட்டச் சொல்லுங்கள். அலமாரியில் பூட்டி இருந்தால் சாவி யாரிடம் என்றும் கேளுங்கள். பாடமும் சான்றிதழும் தேசியத் தொழிற்கல்வி, பயிற்சி கவுன்சிலான என்.சி.வி.இ.டி.யின் அங்கீகாரம் பெற்றவையா என்பதைக் கட்டணம் கட்டுமுன் சரிபாருங்கள்.

கேள்வி: கேட் 6 (எட்டுக் கம்பி நெட்வொர்க்) கேபிள் போட்டு டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிகிறது. வேகம் 100-ஐத் தாண்டவில்லை. சில அறைகளில் விட்டு விட்டு வருகிறது. தேர்வில் இதைச் ‘சரி’ என்று எடுத்துக்கொள்வார்களா?
– ஐ.டி.ஐ. மாணவர், ஓசூர்

பதில்: நல்ல மதிப்பீட்டாளர் எடுத்துக்கொள்ளமாட்டார். விளக்கு டெஸ்டர் ஒரு முனையின் 1-ம் எண் கம்பியும் மறுமுனையின் 1-ம் எண் கம்பியும் சேர்ந்திருக்கின்றனவா என்று மட்டும் சொல்லும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தப்பாகப் போட்டாலும் எட்டும் எரியும். ஜோடி ஜோடியாக 1-2, 3-4, 5-6, 7-8 என்று அடுக்கியிருப்பீர்கள். 3-ம் 6-ம் ஒரே முறுக்கில் இருக்க வேண்டும். அவை பிரிந்தால் ஒன்றின் சிக்னல் இன்னொன்றில் கசியும். கம்பி நிறங்களை அடுக்கும் பி முறையின் வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. முனையில் முறுக்கை 13 மி.மீ.க்கு மேல் பிரிக்காதீர்கள்.

வரிசை சரியாக இருந்தும் வேகம் வரவில்லை என்றால் கம்பியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். விலை குறைவு, மின்தடை அதிகம், நாலு முறை வளைத்தால் ஒடியும். கேபிள் வழியே கரண்ட் வாங்கும் கேமரா தூர அறையில் இரவில் மட்டும் அணைந்துபோவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். அகச்சிவப்பு விளக்குகள் எரியும்போது அதற்கு மின்சாரம் கூடுதலாக வேண்டும். நீளம்: சுவருக்குள் 90 மீட்டர், பேட்ச் கார்டுகள் சேர்த்து 100.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் ஆளாளுக்கு வந்து சுவரைத் துளைக்கிறார்கள். வருபவர் பயிற்சி பெற்றவரா என்று நாங்கள் எப்படிக் கண்டுபிடிப்பது?
– குடியிருப்போர் சங்கச் செயலாளர், கோவை

பதில்: துளையைப் பாருங்கள். தெரிந்தவர் வெளிப்பக்கம் சரிவாகத் துளைப்பார். கேபிளை உள்ளே விடுமுன் கீழ்நோக்கி ஒரு தொங்கல் விடுவார், மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். டிராப் கேபிளோடு வரும் இரும்புக் கம்பியை வெளியிலேயே கொக்கியில் கட்டி வெட்டிவிட்டு, ஃபைபரை மட்டும் உள்ளே கொண்டுபோவார். மின்கம்பிக் குழாயில் எதையும் நுழைக்கமாட்டார். போகும்போது பவர் மீட்டர் காட்டிய எண்ணைப் பெட்டி மூடியின் உட்புறம் தேதியோடு எழுதச் சொல்லுங்கள். அடுத்த முறை பழுது வந்தால் அந்த ஒரு வரி பாதி வேலையை மிச்சப்படுத்தும். கட்டடங்களுக்கு டிஜிட்டல் இணைப்பு வசதியை வைத்துத் தரமதிப்பீடு கொடுக்கும் விதிமுறையைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024-ல் வெளியிட்டிருக்கிறது. பொதுவான செங்குத்துக் குழாய் ஒன்றைச் சங்கமே போட்டு வைத்தால் சுவர் துளைப்பது குறையும்.

கேள்வி: பச்சைக் கனெக்டரும் நீலக் கனெக்டரும் ஒன்றோடொன்று செருகிக்கொள்கின்றன. சேர்த்தால் என்ன?
– மாணவி, தஞ்சாவூர்

பதில்: பச்சை ஏபிசி, முகம் 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டது. நீலம் யுபிசி, சாய்வு கிடையாது. சேர்த்தால் இடையில் காற்று இடைவெளி விழும். பல டிபி போகும், ஒளி திரும்பி அடிக்கும், டிவி படத்தில் அது முதலில் தெரியும். அழுத்திச் செருகினால் இரண்டு முகத்திலும் கீறல் விழலாம். விழுந்தால் துடைத்துப் பயனில்லை, இரண்டையும் மாற்ற வேண்டும். பச்சைக்கு நீலம்தான் வேண்டும் என்றால் ஒரு முனை பச்சை, மறுமுனை நீலம் உள்ள பேட்ச் கார்டு கடையில் கிடைக்கிறது.