வகுக்காமல் நிரூபிக்கும் வழி (வாசகர் கடிதம்)

ஐயா, வணக்கம்.

மன்னார்குடி பக்கம் அரசுப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். கும்பகோணத்தில் ராமானுஜன் படித்த டவுன் ஹைஸ்கூலைக் காட்ட அடுத்த மாதம் பிள்ளைகளை அழைத்துப் போகிறோம். அதையொட்டி, 2024 அக்டோபரில் அறிவித்த நான்கு கோடி இலக்கப் பகா எண்ணைப் பற்றிச் சொன்னேன். “அதை எதையெல்லாம் வைத்து வகுத்திருப்பாங்க டீச்சர்?” என்றாள் ஒருத்தி. “2-இன் அடுக்கு பகா எண்ணா இருந்து, ஒன்றைக் கழித்தால் பகா எண்தானே வரும்?” என்றாள் இன்னொருத்தி. 3, 7, 31, 127 எல்லாம் சரியாகவே வருகின்றன. என்ன பதில் சொல்ல?

— ஒரு கணித ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

இரண்டாமவளின் ஊகம் நல்ல ஊகம், 11-இல் உடைகிறது. 2¹¹ − 1 = 2047 = 23 × 89.

முதல் கேள்விதான் ஆழமானது. அந்த எண் 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1, இலக்கங்கள் 4,10,24,320. சிறு காரணி இருக்கிறதா என்று முதலில் வகுத்துப் பார்ப்பார்கள். ஆனால் நிரூபணம் வகுத்தலில் இல்லை. பிரெஞ்சுக் கணிதர் லூக்கா 1878-இல் கண்டு, அமெரிக்கக் கணிதர் லேமர் 1930-இல் செம்மையாக்கிய சோதனை அது. 4-இல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி, 2 கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுக்கைவிட இரண்டு குறைவான சுற்றுகள். கடைசியில் 0 வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண், சந்தேகத்துக்கே இடமில்லை. (அடுக்கு ஒற்றைப்படைப் பகா எண்ணாக இருக்க வேண்டும்.)

127-க்கு அடுக்கு 7, ஐந்து சுற்று: 14, 67, 42, 111, 0. மீதி காண 127-ஆல் வகுக்க வேண்டாம். 128-ஆல் வகுத்து, ஈவையும் மீதியையும் கூட்டினால் போதும், ஏனென்றால் 128-ஐ 127-ஆல் வகுத்தால் மீதி 1. 67² − 2 = 4487; அதில் 128 முப்பத்தைந்து தடவை, மிச்சம் 7; 35 + 7 = 42. கணினிக்கு இது வெறும் கூட்டல். மிகப் பெரிய பகா எண்களின் சாதனைப் பட்டியலை இவ்வகை எண்களே ஆள இதுவும் ஒரு காரணம்.

2047-க்கு ஒன்பதாம் சுற்றில் 1736 நிற்கிறது. பகு எண் என்று தெரிந்துவிட்டது, காரணி எதுவென்று தெரியவில்லை! பிள்ளைகள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கட்டும்.

ஃபெர்மா சோதனை என்று ஒன்று உண்டு: ஒரு சிறிய எண்ணை அடியாக எடுத்து, சோதிக்கும் எண்ணைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்தி, சோதிக்கும் எண்ணால் வகுத்தால் மீதி 1 வர வேண்டும்; வராவிட்டால் பகு எண். அதை 2-ஐ அடியாக வைத்துச் செய்ய விடாதீர்கள். 2¹¹-ஐ 2047-ஆல் வகுத்தால் மீதி 1. 2046 என்பது 11-இன் மடங்கு. ஆகவே 2²⁰⁴⁶-க்கும் மீதி 1 வந்து, பகு எண் பகா எண் போலத் தேறிவிடும். 3-ஐ அடியாக வைத்தால் 2047 பிடிபடுகிறது. 2024-இன் எண்ணும் முதலில் 3-ஐ அடியாகக் கொண்ட சோதனையில்தான் அகப்பட்டது. லூக்கா–லேமர் பிறகு உறுதி செய்தது.

வகுப்புக்கு 8191 கொடுங்கள்: அடுக்கு 13, பதினோரு சுற்று. ஏழாம் சுற்றில் 36 வர வேண்டும். வராவிட்டால், ஈவையும் மீதியையும் கூட்டியது 8191-ஐத் தாண்டியபோது இன்னொரு முறை கழிக்க மறந்திருப்பார்கள், அல்லது அந்த 2-ஐ விட்டிருப்பார்கள்.

சரிபார்க்கவும் எளிய வழி உண்டு. இதன் பகாக் காரணி எதுவானாலும் 26-இன் மடங்கோடு 1 கூட்டியதாக இருக்கும். 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வரும். வர்க்கமூலம் 90 சொச்சம். அதற்குள் 27, 53, 79. 27 பகு எண். 53-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 5. எஞ்சுவது 79 மட்டும். 8191-ஐ 79-ஆல் வகுத்தால் மீதி 54.