நாத்தனார் மகன் கேப்டன் என்பதற்காகவா?

டெக்சஸின் பிளேனோவிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகள் ஒன்பதாம் வகுப்பு. பள்ளி ரோபாட்டிக்ஸ் குழுவில் இடம் கிடைக்கவில்லை. கலிஃபோர்னியாவில் நாத்தனார் மகன் ஒரு தனியார் ரோபாட்டிக்ஸ் அகாடமி குழுவுக்கு கேப்டனாம். “நீங்களும் சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் சயின்ஸை மறந்துவிட வேண்டியதுதான்” என்று குடும்ப வாட்ஸ்அப்பில் தினமும் நச்சரிப்பு. அகாடமி ஆண்டுக்குப் பல ஆயிரம் டாலர் கேட்கிறது. கடன் வாங்கலாமா என்கிறார்.

ஒன்பதாம் வகுப்பில் எதுவும் கைநழுவிப் போய்விடாது அம்மா. ஆறுதல் இவ்வளவுதான். கடன் வாங்காதீர்கள். அகாடமிக்கும் வேண்டாம், கோடையில் பெரிய பல்கலைக்கழக வளாகத்தில் தங்கிப் படிக்கும் இரண்டு வார வகுப்புக்கும் வேண்டாம். அங்கே போனதால் அதே கல்லூரியில் இடம் கிடைத்துவிடாது. டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் 2026 சேர்க்கையிலிருந்து, வகுப்பில் முதல் 5 சதவீதத்துக்குள் வரும் டெக்சஸ் மாணவர்களுக்குத்தான் தானாக இடம். அதுவும் பல்கலைக்கழகத்தில்தான், கேட்ட பாடத்தில் அல்ல. கேப்டன் பட்டம் அந்த ரேங்கை ஒரு படிகூட ஏற்றாது.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி இருந்தது. மகள் லைப்ரரியின் 3டி பிரிண்டரில் சமையலறை அலமாரிக்கு ஒரு கொக்கி செய்தாள், மூன்று தடவை உடைந்த பிறகு வடிவத்தையே மாற்றினாள் என்று. கோடிங் அவளுக்கு போர் அடிக்கிறது என்பதையும் நீங்களே சொல்கிறீர்கள். அப்புறம் ஏன் கம்ப்யூட்டர் சயின்ஸ்? அந்தக் கொக்கியில் தெரிவது மெக்கானிக்கல் இன்ஜினியரின் கை. அதை மாற்ற நாத்தனாருக்கு உரிமை இல்லை. மன்னிக்கவும், உங்களுக்கும் இல்லை.

பள்ளியில் இடமில்லை என்றால் ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு குழு நடத்தலாம். ஃபர்ஸ்ட் (FIRST) என்ற அமைப்பு பிள்ளைகளுக்காக நடத்தும் ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச் ரோபாட் போட்டிக்குப் பள்ளி கட்டாயமில்லை. ஏழு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அதிகபட்சம் 15 பிள்ளைகள், பின்னணி சரிபார்க்கப்பட்ட இரண்டு பெரியவர்கள் இருந்தால் போதும். ரோபாட் 18 அங்குலக் கனசதுரத்துக்குள் அடங்கித் தொடங்க வேண்டும், களம் 12 அடிக்கு 12 அடி. ஒரு கார் ஷெட்டில் நடத்திவிடலாம். இதன் பெரிய அண்ணனான ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் காம்பெடிஷன் பக்கம் முதல் ஆண்டில் போகாதீர்கள். பதிவுக்கே சுமார் 6,000 டாலர் ஆகும், ரோபாட்டும் ஆள் எடைக்கு வந்துவிடும்.

யார் பெயரில் குழுவைப் பதிவது? இங்கேதான் நம்மவர்கள் கண்ணில் படாத ஒன்று இருக்கிறது: 4-எச் கிளப். ஆடு, கன்றுக்குட்டி வளர்த்துக் கண்காட்சிக்குக் கொண்டுபோகும் கிராமத்துப் பிள்ளைகளின் சங்கம் என்று சிரிப்பார்கள். 1902-இல் ஒஹாயோவில் அப்படி விவசாயப் பிள்ளைகளோடு தொடங்கியதுதான். ஆனால் இன்று ரோபாட்டிக்ஸும் அதன் கீழ் நடக்கிறது. டெக்சஸில் இதை நடத்துவது ஏ அண்ட் எம் பல்கலைக்கழக அமைப்பின் அக்ரிலைஃப் வேளாண் விரிவாக்கப் பிரிவு, உங்கள் காலின் கவுண்டி அலுவலகம் மெக்கின்னியில். தன்னார்வலர்களின் பின்னணியை அவர்களே சரிபார்க்கிறார்கள். உறுப்பினர் கட்டணம் சில பத்து டாலர்தான். தனியாக ஒரு அறக்கட்டளை பதிந்து அலைய வேண்டாம். நன்கொடையை கிளப் கணக்கில் எப்படி வாங்குவது என்று அவர்களிடமே கேளுங்கள். பெற்றோர் வேலை பார்க்கும் கம்பெனியையும் விடாதீர்கள். ஊழியர் தன்னார்வமாக உழைக்கும் மணிக்கு இவ்வளவு என்று அந்த அமைப்புக்குப் பணம் தரும் கம்பெனிகள் உண்டு. மைக்ரோசாஃப்ட் மணிக்கு 25 டாலர் தருகிறது. அப்படிப்பட்ட கம்பெனியில் வேலை பார்க்கும் மூன்று அப்பாக்கள் வாரம் இரண்டு மணி நேரம் வந்தாலே பாகங்களின் செலவில் நல்ல பங்கு வந்துவிடும்.

அந்த அப்பாக்கள் விஷயத்தில்தான் கறாராக இருக்க வேண்டும். ஒரு போட்டியில் பார்த்தேன். ஆட்டத்துக்கு முன் மோட்டார் கேபிள் கழன்றுவிட்டது. ஒரு அப்பா மண்டியிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டார். ரோபாட்டைக் கட்டிய பையன் போனில் டார்ச் அடித்துக்கொண்டு நின்றான். பிறகு நடுவர்கள் கேட்டபோது பாவம், எந்த ஒயர் எங்கே போகிறது என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. பெரியவர்கள் கையைக் கட்டிக்கொண்டு கேள்வி கேட்கட்டும். வண்டி ஓட்டுவது, பீட்ஸா வாங்குவது, கணக்கு எழுதுவது, அறை முன்பதிவு செய்வது ஆகிய நாலும் பெரியவர்கள் வேலை. மற்றதெல்லாம் பிள்ளைகளுடையது.

பாகங்களை வடிவமைக்க உங்கள் மகளுக்கு ஆன்ஷேப் என்ற 3டி வரைகலை மென்பொருள் போதும். பிரவுசரிலேயே வரையலாம், மாணவர்களுக்கு இலவசம். “கல்லூரி விண்ணப்பத்துக்கு நல்லது” என்று அவளைக் கோடிங் மேசைக்குத் தள்ளாதீர்கள். ஜாவாவில் கோடிங் செய்யப் பிடித்த பிள்ளை அந்தக் கூட்டத்தில் கண்டிப்பாக ஒன்றாவது இருக்கும்.

ஒவ்வொரு ஆண்டும் போட்டியின் புதிய விளையாட்டை செப்டம்பரில் அறிவிப்பார்கள். அதனால் ஆகஸ்டிலேயே மெக்கின்னிக்குப் போன் செய்துவிடுங்கள். வீட்டுக்கு வீடு இவ்வளவுதான் என்று ஒரு தொகையை முதல் கூட்டத்திலேயே எழுதிவையுங்கள்; அதைத் தர முடியாத வீட்டுப் பிள்ளைக்கும் இடம் வேண்டும். வாங்கும் மோட்டார், பேட்டரி எல்லாம் கிளப் பெயரில் இருக்கட்டும். ஒரு பருவம் முடிந்து மகள் போதும் என்றால் விட்டுவிடலாம், அடுத்த பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள்.