ஓய்வுதான் கேட்டேன், ராஜினாமா கேட்கிறார்கள்

கேள்வி: மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், புக்கிட் மெர்தாஜாமில் இருக்கிறேன். பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றின் கணக்குப் பிரிவில் ஆறு வருடமாக வேலை. சம்பளம் 3,800 வெள்ளி (ரிங்கிட்). முதல் குழந்தைக்கு ஐந்து மாதம். பிரசவ விடுமுறை முடிந்து திரும்பியதிலிருந்து தூக்கமில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு என்கிறார் டாக்டர். ஆறு மாதம் சம்பளமில்லா விடுப்பு கேட்டேன். "ராஜினாமா கடிதம் கொடுங்கள், ஆறு மாதம் கழித்து மறுபடி எடுத்துக்கொள்கிறோம்" என்கிறார் எச்.ஆர். (மனிதவள) மேலாளர். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டுமாம். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள், சகோதரி. மேலாளர் நல்ல மனதோடு சொல்லியிருக்கலாம். ஆனால் ஆறு மாதம் கழித்து அந்த நாற்காலியில் அவரே இருப்பாரா என்று அவருக்கே தெரியாது. ராஜினாமாவைக் கொடுத்துவிட்டால், நிறுவனம் சம்மதிக்காமல் அதைத் திரும்பப் பெற முடியாது. வாய்வார்த்தையை வைத்துக்கொண்டு பிறகு வழக்காடுவதும் மிகக் கடினம்.

நீங்கள் இழக்கப்போவது என்ன என்று பாருங்கள். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஐந்து வருடம் தாண்டிய உங்களுக்கு ஆண்டு விடுமுறை 16 நாள். புதிதாகச் சேர்ந்தால் 8 நாள்தான். மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்குள் இருப்பதால், நாளை நிறுவனம் ஆட்குறைப்பு செய்தால் ஒவ்வொரு வருட சேவைக்கும் 20 நாள் சம்பளம் உங்களுக்கு வர வேண்டும். ஆறு வருடத்துக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 15,000 வெள்ளி. விலகிவிட்டு மறுபடி சேர்ந்தால் அந்தக் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும், முதல் பன்னிரண்டு மாதம் முடியும்வரை ஒன்றுமே கிடையாது. நீங்களாக விலகினால் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவின் வேலை இழப்பு உதவியும் கிடைக்காது.

சரி, சம்பளமில்லா விடுப்பு உங்கள் உரிமையா? இல்லை, அதைச் சட்டம் தரவில்லை, நிறுவனம் மறுக்கலாம். 2023 ஜனவரி 1 முதல் 98 நாளாக உயர்ந்த மகப்பேறு விடுமுறையைத்தான் சட்டம் தருகிறது, அதை நீங்கள் எடுத்துவிட்டீர்கள். ஆனால் மறுப்பு வந்தால் ராஜினாமாதான் ஒரே வழி என்று நினைக்க வேண்டாம்.

உங்களுக்கு இருப்பது நோய். அதை எல்லோரும் 'சோர்வு', 'பிள்ளை பெற்றவளுக்கு அப்படித்தான் இருக்கும்' என்று ஒதுக்குவது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. டாக்டர் எம்.சி. (மருத்துவச் சான்றிதழ்) கொடுத்தால் சம்பளத்தோடு ஆண்டுக்கு 22 நாள் நோய் விடுப்பு உண்டு. மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் அதற்குத் தனியாக 60 நாள். காய்ச்சலுக்கு எப்படியோ மனச்சோர்வுக்கும் அப்படித்தான். நிறுவனம் நியமித்த பேனல் டாக்டர் பார்க்க வேண்டும் என்று அவர்கள் கேட்கலாம், அவரிடமும் ஒளிக்காமல் சொல்லுங்கள். இந்த ஆண்டு இன்னும் தொடாமல் இருந்தால் 22, ஆண்டு விடுமுறை 16, ஆக 38 வேலை நாள். வாரத்துக்கு ஐந்து நாள் வேலை என்றால் ஏழு வாரத்துக்கு மேல் சம்பளத்தோடு ஓய்வு. முதலில் இதைப் பயன்படுத்துங்கள்.

அப்புறம் அதே வேலைச் சட்டத்தில் 60பி (60P), 60கியூ (60Q) பிரிவுகள் இருக்கின்றன. வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரும்படி எழுத்தில் விண்ணப்பிக்கலாம். நிறுவனம் 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணத்தையும் எழுத வேண்டும். கேட்டது கிடைத்தே தீரும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கணக்குப் பிரிவு வேலையில் வாரம் மூன்று நாள் வீட்டிலிருந்து செய்யக் கேட்டால், தினமும் பாலம் தாண்டும் அலைச்சலாவது பாதியாகக் குறையும்.

அதற்காக உங்களை வேலையை விட்டு நிறுத்திவிடுவார்களோ என்ற பயம் இருக்கும். கர்ப்பத்தால் வந்த நோயோடு இருக்கும் பெண்ணை நிறுத்துவது, ஒழுங்கீனம், நிறுவனம் மூடப்படுதல் போன்ற சில காரணங்கள் தவிர, 41ஏ பிரிவின்படி குற்றம். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வும் அதில் அடங்கும் என்று வாதாட நல்ல இடமுண்டு. டாக்டரின் கடிதத்தில் நோயின் பெயரும் பிரசவத்தோடு அதன் தொடர்பும் தெளிவாக இருக்கட்டும்.

ஒருவேளை கட்டாயப்படுத்திக் கையெழுத்து வாங்கிவிட்டால், அதையும் பணிநீக்கமாகக் கருதி முறையிடலாம். வேலை முடிந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழில்துறை உறவு இலாகாவுக்குப் போக வேண்டும். பலர் தெரியாமல் தொழிலாளர் இலாகாவுக்குப் போய் நாளை வீணாக்குகிறார்கள், அது சம்பள பாக்கி போன்றவற்றுக்கு. வாட்சாப் செய்திகள் எதையும் அழிக்காதீர்கள்.

எல்லாம் யோசித்தும் விலகத்தான் வேண்டும் என்று உங்களுக்கே தோன்றினால், அதில் தவறில்லை. ஒப்பந்தத்தில் உள்ள நோட்டீஸ் காலத்தோடு விலகுங்கள். ஆண்டுக்கு 120 வெள்ளி கட்டி பெர்கேசோவின் இல்லத்தரசிகள் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்துகொள்ளுங்கள்.

உங்களையோ குழந்தையையோ காயப்படுத்தும் எண்ணம் வந்தால் இதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555.

இன்றே எச்.ஆருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: "பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெறுகிறேன். இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை சம்பளமில்லா விடுப்பு கேட்டிருந்தேன். அதை எழுத்தில் பரிசீலிக்கவும். நான் ராஜினாமா செய்ய விரும்பவில்லை." விடுப்பு தந்தால், அதே பதவிக்குத் திரும்பும் தேதி, சேவை முறியாது என்ற உறுதி, மருத்துவக் காப்புறுதி தொடருமா என்ற விவரம் மூன்றையும் கடிதத்தில் கேட்டு வாங்குங்கள். வெள்ளிக்கிழமை யாராவது தாளை நீட்டினால், "வக்கீலிடம் காட்டிவிட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லி அதைக் கையோடு எடுத்து வந்துவிடுங்கள்.